நாற்பது நாள் மயக்கமும் அதன் பிறகும்: மைக்கேல் ரோசன், ஒரு நிகழ்வு ஆய்வு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் உறவினர்களிடம் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "தூங்க வைத்திருக்கிறோம், பயப்படாதீர்கள்." கேட்டவர்களுக்கு அப்போதைக்கு மனம் ஆறிவிடுகிறது. தூங்குகிறவர் எப்படியும் விழிப்பார், விழித்தால் பழையபடி பேசுவார், நடப்பார் என்று வீட்டில் எல்லோரும் நாள் எண்ணத் தொடங்குகிறார்கள். அந்த நாளும் வருகிறது. கண் திறந்தவர் பேசுவதில்லை. கையைத் தூக்க முடிவதில்லை. எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். "பிழைத்துவிட்டார் என்றார்களே, இது என்ன?" என்று குடும்பம் கலங்கிப் போகிறது.

இந்த இரண்டாம் கட்டத்துக்கு அந்தக் குடும்பத்தை யாராவது முதல் நாளிலேயே தயார்ப்படுத்தியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை விளக்க, தம் நோயைத் தாமே வெளிப்படையாக எழுதியும் பேசியும் வந்திருக்கும் ஒருவரின் நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன்: பிரிட்டனின் குழந்தைகள் கவிஞர் மைக்கேல் ரோசன்.

நோயாளி

ரோசன் 1946 மே 7-ஆம் தேதி பிறந்தவர். 2007 முதல் 2009 வரை பிரிட்டனின் 'குழந்தைகளுக்கான அரசவைக் கவிஞர்' பொறுப்பில் இருந்தார். 2008-இல் அந்நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்கு 60 ஆண்டு நிறைந்தபோது, மருத்துவமனையில் உழைக்கும் கைகளைப் பற்றி ஒரு கவிதை எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தச் சேவையின் கைகள்தான் அவரைத் தூக்கிப் புரட்டிப் படுக்க வைக்கப்போகின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது.

2020 மார்ச் மாதம் அவருக்குக் கோவிட் வந்தது. வீட்டிலேயே பல நாட்கள் காய்ச்சலோடும் மூச்சு வாங்கலோடும் இருந்தார். அருகில் வசித்த மருத்துவ நண்பர் ஒருவர் வந்து பார்த்த பிறகே மருத்துவமனைக்குப் போனார்கள். அப்போது அவருடைய இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 58 சதவீதம் என்று அவர் சொல்லியிருக்கிறார். நலமாக இருப்பவருக்கு அது 95-க்கு மேல் இருக்கும். வடக்கு லண்டனில் உள்ள விட்டிங்டன் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

சில நாட்களில் ஒரு மருத்துவர் வந்து, மயக்கத்தில் ஆழ்த்தி வென்டிலேட்டரில் இணைக்கச் சம்மதம் கேட்டார். விழித்தெழுவேனா என்று ரோசன் கேட்டதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் மருத்துவர். மறுத்தால்? வாய்ப்பே இல்லை. ரோசன் கையெழுத்திட்டார். அதன் பிறகு 40 நாட்கள் மருந்தால் உண்டாக்கிய ஆழ்மயக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மொத்தம் 48 நாட்கள். அவருடைய 74-ஆம் பிறந்தநாளும் அங்கேயே கடந்துபோனது. அந்தப் பிரிவில் அப்போது இருந்தவர்களில் 42 சதவீதம் பேர் இறந்துபோனார்கள் என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

ஏன் மயக்கினார்கள்

உயிர் காக்கவே. விழிப்போடு இருக்கும் மனிதரின் தொண்டைக்குள் குழாயை இறக்கி, அவருடைய மூச்சின் தாளத்துக்கு மாறாக இயந்திரம் காற்றைத் தள்ளினால் உடல் எதிர்த்துத் திமிறும். இது தீவிர சிகிச்சை பிறந்த நாளிலேயே தெரிந்துவிட்ட விஷயம். 1952 ஆகஸ்டில் கோபன்ஹேகன் நகரின் பிளெக்டாம் மருத்துவமனை போலியோ நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. சுவாசக் கருவிகளில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்திருந்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோன் இப்சனை அழைத்தார்கள். மூச்சு நின்றுகொண்டிருந்த 12 வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அவள் திமிறியதில் காற்று உள்ளே போகவில்லை. இப்சன் பென்டதால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார். திமிறல் அடங்கியது. குழாயோடு இணைத்த காற்றுப் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றை அனுப்பினார். அவள் பிழைத்தாள். அதன் பிறகு சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் மாதக்கணக்கில் முறை வைத்துப் பைகளை அழுத்தினார்கள்.

அன்று இப்சன் சிறுமியின் திமிறலை அடக்கித் தம் வேலையைச் செய்ய மட்டுமே மருந்தைக் கொடுத்தார். பின்னால் வந்த ஆண்டுகளில் இயந்திரங்கள் பெருகின, மருந்துகளும் பெருகின. வென்டிலேட்டரில் இருப்பவர் அசையாமல் கிடப்பதே நல்ல பராமரிப்பு என்று ஆகிப்போனது. மயக்கத்துக்கு மிடசோலம் அல்லது பால் போல வெண்மையான புரொபோஃபால், வலி தணிக்க ஃபென்டனில் அல்லது மார்ஃபின் என இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தன.

இதை முதலில் உரக்கக் கேள்வி கேட்டவர்களில் சிகாகோ மருத்துவர் ஜான் கிரெஸ் குழுவினர் முக்கியமானவர்கள். 2000-ஆம் ஆண்டில் 128 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், ஒரு சாராருக்குத் தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி, விழிக்கிறார்களா என்று பார்த்தார்கள். வென்டிலேட்டர் காலம் அவர்களுக்கு 4.9 நாள், மற்றவர்களுக்கு 7.3 நாள். டென்மார்க்கின் ஓடன்சே மருத்துவமனை இன்னும் ஒருபடி மேலே போனது. வலிக்கு மார்ஃபின் தருவோம், மயக்கமே வேண்டாம் என்றது. 2010-இல் 140 பேரிடம் செய்த ஆய்வில் அதற்கும் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் அதே முறையை 700 பேரிடம் சோதித்து 2020-இல் வெளியிட்டபோது, லேசான மயக்கத்தோடு ஒப்பிட்டால் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மயக்கத்தை முற்றிலும் ஒழித்துவிட முடியாது. அதை லேசாகவும் குறுகியதாகவும் வைக்க முடியும். இருபது ஆண்டு ஆராய்ச்சியின் சாரமாக நான் எடுத்துக்கொள்வது இதைத்தான்.

அந்த இருபது ஆண்டுப் பாடமும் 2020 வசந்தத்தில் கரைந்துபோனது. நுரையீரல் கல்லாக இறுகிய நோயாளிகளை நாளுக்குப் பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வைக்க வேண்டியிருந்தது, அதற்கு ஆழ்ந்த மயக்கம் வேண்டும். புரொபோஃபாலுக்குத் தட்டுப்பாடு வந்தது, பழைய மிடசோலத்துக்கே திரும்பினார்கள். செவிலியர் கைகள் போதவில்லை. பார்வையாளர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. 14 நாடுகளில் 2088 கோவிட் நோயாளிகளைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வு, அவர்களில் 64 சதவீதம் பேருக்கு வென்டிலேட்டரில் இருந்தபோது மிடசோலம் வகை மருந்து சொட்டாக ஏற்றப்பட்டதைக் காட்டியது. ரோசன் மயக்கத்தில் கிடந்தது இத்தகைய காலத்தில். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரங்களில் அந்தப் பிரிவுகளில் நின்றவர்கள் தங்களால் இயன்றதற்கு மேலும் செய்தவர்கள்.

தூக்கம் என்ற சொல்லின் குறை

மருந்து மயக்கத்தில் இருக்கும் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால் தூக்கத்தின் படிநிலைகள் அங்கே தெரிவதில்லை. தூங்குகிறவரைத் தட்டினால் எழுவார். ஆழ்மயக்கத்தில் இருப்பவரைத் தட்டினாலும் கிள்ளினாலும் எழமாட்டார். மருந்தால் வந்த, மீளக்கூடிய கோமா என்பதே அதற்குப் பொருத்தமான பெயர். "தூக்கம்" என்பது ஆறுதலுக்காகச் சொல்லும் சொல். ஆறுதல் தேவைதான், ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு தவறான எதிர்பார்ப்பும் வீட்டுக்குப் போய்விடுகிறது: மருந்தை நிறுத்தினால் மறுநாள் காலை விழிப்பார் என்று.

ஏன் அப்படி நடப்பதில்லை? மிடசோலம் கொழுப்பில் கரையும் மருந்து. வாரக்கணக்கில் ஏற்றினால் உடலின் கொழுப்பில் ஊறித் தேங்கிவிடும். சொட்டு நின்ற பிறகும், மழை விட்டும் தூவானம் விடாதது போல, தேங்கியது மெல்ல மெல்ல இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். அது சிதைந்து உருவாகும் பொருளும் மயக்கம் தரக்கூடியது, அதை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. கடும் நோயில் சிறுநீரகமும் சோர்ந்திருக்கும். வயது கூடினால் எல்லாமே இன்னும் மெதுவாகும்.

மருந்தால் மட்டும் விளங்காத தாமதமும் உண்டு. நியூயார்க், பாஸ்டன் மருத்துவமனைகளில் 795 கடும் கோவிட் நோயாளிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்டார்கள். 72 சதவீதம் பேர் உணர்வு மீண்டார்கள். அவர்களில் நால்வரில் ஒருவருக்கு, வென்டிலேட்டரை விலக்கிய பிறகும் சொன்னதைக் கேட்டுச் செய்யும் அளவுக்குத் தெளிவு வர 10 நாள் அல்லது அதற்கு மேல் ஆனது. பத்தில் ஒருவருக்கு 23 நாள் அல்லது அதற்கு மேல். ஆக்சிஜன் அளவு பலமுறை தாழ்ந்தவர்களுக்குத் தாமதம் அதிகம். அதே ஆண்டு நிக்கோலஸ் ஷிஃப், எமரி பிரவுன் என்ற இரு அறிஞர்கள் இதற்கு ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். வட அமெரிக்காவின் வண்ண ஆமைகள் குளிர்காலம் முழுவதும் பனியடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடந்து, வசந்தத்தில் மூளைக்குச் சேதம் இல்லாமல் எழுகின்றன. மூளை தன் இயக்கத்தைத் தானே அடக்கித் தன்னைக் காத்துக்கொள்கிறது. மயக்க மருந்தும் ஆக்சிஜன் குறைவும் சேரும்போது மனித மூளையிலும் இதுபோன்ற ஓர் அடக்கம் நிகழலாம் என்பது அவர்கள் எண்ணம். இது இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் மருந்தை நிறுத்திய ஐந்தாம் நாளில் கண் திறக்காதவரைப் பற்றி "இனி பயனில்லை" என்று பேசத் தொடங்கும் எவரும் அந்த 23 நாள் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மூளையில் பெரிய சேதம் இல்லை என்று ஸ்கேன் சொல்லும்போது, காத்திருப்பதும் சிகிச்சைதான்.

கால்கள் மறந்த கதை

தசை வெகு விரைவில் கரையும். லண்டன் மருத்துவமனைகளில் 63 நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாம் நாளுக்குள் அதன் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்திருந்தது. பத்து நாளுக்கே இவ்வளவு. நாற்பது நாள் என்றால் ஊகித்துக்கொள்ளலாம். அசையாமல் கிடப்பது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. உடல் முழுக்கப் பரவிய அழற்சி தசையைத் தின்கிறது, நரம்பும் சேர்ந்து நலிகிறது.

ரோசன் கண் விழித்து வார்டுக்கு வந்தபோது அவரால் நிற்க முடியவில்லை. செயின்ட் பாங்க்ராஸ் புனர்வாழ்வு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே ஏறத்தாழ மூன்று வாரம், எழுபத்து நான்கு வயதில், குழந்தை நடை பழகுவது போல மறுபடி நடை பழகினார். இருபுறமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பிறகு வாக்கர், இடையிடையே சக்கர நாற்காலி, கடைசியில் கைத்தடி. அந்தக் கைத்தடிக்கு 'ஸ்டிக்கி மெக்ஸ்டிக்ஸ்டிக்' என்று பெயர் வைத்தார். பின்னால் அதைக் கொண்டே குழந்தைகளுக்கு ஒரு கதையும் எழுதினார். நடக்க முடியாத நிலையை ஒரு குழந்தைக்கும் புரியும்படி சொல்லிவிட முடியும் என்று அவர் நம்பியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இயன்முறை மருத்துவம் இவ்வளவு தாமதமாகத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 104 வென்டிலேட்டர் நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்குத் தினமும் மயக்கத்தை இடைநிறுத்தும் வேளையிலேயே கைகால் பயிற்சி கொடுத்தார்கள். படுக்கை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 59 சதவீதம், வழக்கமான பராமரிப்பில் 35 சதவீதம். மயக்கம் ஆழமாக இருந்தால் பயிற்சி தொடங்கவே முடியாது. படுக்கையில் கிடப்பவர் மறுபடி எப்போது நடப்பார் என்பது, பெருமளவுக்கு, மருந்துப் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விரலிடம் இருக்கிறது.

சன்னி

நம் பாட்டிமார் "சன்னி கண்டு பிதற்றுகிறார்" என்பார்கள். தீவிர சிகிச்சையில் டெலிரியம் என்று சொல்வது கிட்டத்தட்ட அதைத்தான். இருக்கும் இடம் தெரியாது, பகலா இரவா தெரியாது, செவிலியர் தன்னைக் கொல்ல வந்திருக்கிறார் என்று தோன்றும். பிதற்றாமல் சுவரைப் பார்த்து அமைதியாகக் கிடக்கும் வகையும் உண்டு, அதுதான் எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 821 நோயாளிகளைத் தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 74 சதவீதம் பேருக்கு இது வந்திருந்தது. ஓராண்டு கழித்தும் மூன்றில் ஒருவரின் நினைவும் சிந்தனையும் மிதமான மூளைக்காயம் அடைந்தவர் அளவில்தான் இருந்தன. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்குப் பின்விளைவும் கூடியது. 2012 முதல் இந்த உடல், மன, அறிவுப் பாதிப்புகளின் தொகுப்புக்கு 'தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித்தொகுப்பு' என்று ஒரு பெயரும் வழங்குகிறது.

முன்பு சொன்ன 14 நாட்டு ஆய்வில் ஓர் எண் என்னை விட்டு அகலவே இல்லை. மிடசோலம் வகை மருந்துகள் டெலிரியம் அபாயத்தை 59 சதவீதம் கூட்டின. குடும்பத்தினர் வந்து பார்த்தது, காணொளியில் பார்த்ததுகூட, அதை 27 சதவீதம் குறைத்தது. வேண்டியவர் ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது செலவில்லாத மருந்து. அந்த மருந்தைத்தான் 2020-இல் கதவுக்கு வெளியே நிறுத்தினோம்.

படுக்கை அருகே ஒரு நோட்டு

ரோசனின் படுக்கை அருகே ஒரு நோட்டு இருந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களும், வேறு பிரிவுகளிலிருந்து உதவிக்கு வந்தவர்களும், தங்கள் பணிநேரம் முடியும்போது அவருக்கே கடிதம் போல அதில் எழுதி வைத்தார்கள். இன்று எப்படி இருந்தீர்கள், என்ன செய்தோம், நான் யார் என்று. மயக்கத்தில் கிடக்கும் ஒருவருக்கு, அவர் ஒருநாள் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதிய கடிதங்கள். 2021-இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தக் குறிப்புகளும் இடம்பெற்றன.

இந்த வழக்கம் 1980-களில் ஸ்காண்டிநேவியச் செவிலியர்களிடம் தொடங்கியது. இதன் தேவை ரோசனின் நிகழ்வில் பளிச்சென்று தெரிகிறது. அவருடைய வாழ்க்கையிலிருந்து நாற்பது நாள் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டது. நடக்க முடியவில்லை, ஆனால் ஏன் என்று சொல்ல நினைவில் எதுவும் இல்லை. காரணம் தெரியாத பலவீனம் மனிதரைத் தம்மையே சந்தேகிக்க வைக்கும். நோட்டு அந்த நாட்களைத் திருப்பித் தருகிறது.

2010-இல் ஐரோப்பாவில் 352 பேரிடம் செய்த ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கே புதிதாக அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வந்தது. பெறாதவர்களில் 13 சதவீதம். 2019-இல் பிரான்சில் 657 பேரிடம் செய்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தும் நோட்டு வேண்டும் என்பேன். மனநோயைத் தடுக்கிறதா என்பது ஒரு கேள்வி. தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு மனிதருக்கு உண்டா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு எனக்கு எந்த ஆய்வும் வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

2020 ஜூன் இறுதியில், ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, ரோசன் வீட்டுக்கு வந்தார். இடக்கண்ணின் பார்வையில் பெரும்பகுதியும் இடக்காதின் கேட்கும் திறனில் பெரும்பகுதியும் போயிருந்தன. மூளையில் ஏற்பட்ட நுண்ணிய இரத்தக்கசிவுகள் காரணம் என்கிறார். கால்விரல்களில் மரமரப்பு. கோவிட் செய்தது எது, நீண்ட மயக்கமும் படுக்கையும் செய்தது எது என்று ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. இத்தகைய எல்லா நிகழ்விலும் இரண்டும் பின்னிக்கிடக்கின்றன.

அவருக்கு வாய்த்த ஒன்றை நம் ஊரில் எண்ணிப் பார்க்கிறேன். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே அவருக்கு ஒரு புனர்வாழ்வு மருத்துவமனை இருந்தது. நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நடுப்படி கிடையாது. ஐசியு, வார்டு, வாடகை வண்டி, வீட்டுக் கட்டில். அங்கே மனைவியோ மகளோ தனியாக, எதை எப்போது செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லித் தராமல், நடக்க முடியாத ஒரு பெரிய மனிதரைப் பார்த்துக்கொள்கிறார். சாப்பிடும்போது புரையேறுவதும், இரவில் பயந்து அலறுவதும், சற்று முன் சொன்னதை மறப்பதும், மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொட்டுவதும் இந்த நோயின் தொடர்ச்சி என்று அவருக்குத் தெரியாது. "முயற்சி செய்தால் எழுந்திருப்பார், சோம்பல்" என்று உறவினர் சொல்லும்போது பதில் சொல்லவும் தெரியாது.

ஆகவே மயக்கம் தொடங்கும் நாளிலேயே குடும்பம் கேட்கத் தகுந்தவை சில உண்டு. தினமும் மருந்தைக் குறைத்துப் பார்க்கிறீர்களா? குறைக்க முடியாவிட்டால் இன்று என்ன காரணம்? கைகால் பயிற்சி எப்போது தொடங்கும்? நாங்கள் வந்து அவரிடம் பேசலாமா? அவருடைய கண்ணாடியையும் காது கருவியையும் கொண்டுவந்து தரட்டுமா? வார்டிலிருந்து கிளம்பும்போது யாரிடம் போவது? இவற்றைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம், நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நோட்டுப் புத்தகத்துக்கு அனுமதிகூடத் தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, வாசலில் உட்கார்ந்தபடியே, தேதி போட்டு, இன்று வீட்டில் நடந்தது, யார் வந்து விசாரித்தார்கள், மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதி வைக்கலாம்.

ரோசன் இன்றும் எழுதுகிறார், பள்ளிகளுக்குப் போகிறார், மேடையேறிக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறார். 2023-இல் பென் பின்டர் இலக்கியப் பரிசு அவருக்குக் கிடைத்தது. இடக்கண் மங்கலாகவே இருக்கிறது.